இரண்டிலும் நான்கிலும்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். ஒத்திகையில் எல்லோரும் தாளம் தப்பிக் கை தட்டுகிறார்கள் என்று கிளெண்டாவிடம் சொன்னேன். அவர்கள் சரியாகத்தான் தட்டினார்கள். தப்பியது நான்.

எழுதியதைப் படித்துவிட்டு ஜெகதீஷ் 'சிறிய' என்ற சொல்லை அடித்தான். அடித்தது மிகையாகத் தோன்றவே அதன் மேலேயே மறுபடி எழுதினான். இப்போது அந்தச் சொல் மட்டும் மற்றவற்றைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. வகுப்பு முடிந்ததும் அன்று பழகியதையும் பிசகியதையும் எழுத வேண்டும் என்பது வகுப்பை முன்நின்று நடத்தும் கிளெண்டா வைத்த விதி. மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு வரி கிறுக்கிவிட்டுக் கார் சாவியைத் தேடுவார்கள். ஜெகதீஷ் ஓரத்தில் கோடு போட்டுத் தமிழில் எழுதுவான். அங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பது ஒரு வசதி. கூடப் பழகுகிற சுஜீதனுக்குத் தெரியும். ஆனால் சுஜீதன் அடுத்தவன் எழுதியதை எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை.

ஆற்றோரத்து பௌலிங் கிளப்பின் பின்கூடத்தில் செவ்வாய்தோறும் அந்தக் கிட்டார் வகுப்பு நடக்கிறது. நடத்துகிறவர்கள் மெர்வ் டன்ஸ்டனின் ரசிகர்கள். மெர்வ் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் கோதுமை விளையும் ஊர் ஒன்றில், ஆட்டுமயிர் கத்தரிக்கிறவர்களுக்குச் சமைத்துப் போட்டவரின் மகன். அவர் காலம்வரை இங்கே கன்ட்ரி பாட்டுகளில் கிட்டார்க்காரன் பாடகனின் முதுகுக்குப் பின்னால், வெளிச்சம் விழாத இடத்தில் நின்று 'ஜங் ஜங்' என்று வருடிக்கொண்டிருப்பான். மெர்வ் பெருவிரலால் அடிநாதத்தை நடக்கவிட்டு, மற்ற விரல்களால் பாட்டையே வாசித்தார். பாடகன் தேவையில்லாமல் போனான். அவர் முதன்முதலாக மேடையின் முன்னால் வந்து நின்ற அன்று டிரம்ஸ்காரனின் வண்டி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதாம். 'அப்படியானால் நீங்கள்தான் என் டிரம்ஸ், இரண்டிலும் நான்கிலும் தட்டுங்கள்' என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாராம். அன்றிலிருந்து 'ஆறாவது கேட்' என்ற அவருடைய மெட்டை எவர் எங்கே வாசித்தாலும் கூட்டம் ஒன்றையும் மூன்றையும் விட்டுவிட்டு இரண்டிலும் நான்கிலும் தட்டும். ஓய்வு பெற்ற பஸ் டிரைவரான கிளெண்டா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வெள்ளத்தின் உயரம் கொஞ்சம் கூடும். சூப்பர்மார்க்கெட்டில் காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு புதுப் பையனின் பாட்டு வந்தால் போதும், பெருவிரலைத் தூக்கிக் காட்டி, "கேட்டாயா? அது அவருடையது" என்பார். முதலில் ஜெகதீஷ் சிரித்தான். இப்போது கார் இன்ஷூரன்ஸ் விளம்பரத்தில்கூட அவனுக்கு அந்தப் பெருவிரல் கேட்கிறது.

அவன் அதை முதலில் கேட்டது சிட்னிக்கு வந்த புதிதில். நாலு பேர் பங்கு போட்ட வீட்டில் ஓர் அறை. ஆபீசில் பேசுகிற பேச்சு தவிர வேறு பேச்சில்லாத வாரங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்கம் திறந்த தன் யூட் வண்டியைக் கழுவிக்கொண்டே எதையோ ஓடவிட்டிருந்தார். இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று அவன் நினைத்தான். ஒருவன் நிதானமாக நடக்கிறான், இன்னொருவன் கூடவே பேசிக்கொண்டு வருகிறான். வேலியருகே போய்க் கேட்டபோது அது ஒரே ஆள், ஒரே கை என்றார். ஒரே ஆள் தனக்குத் தானே துணையாக நடக்க முடியும் என்பது அன்று அவனுக்கு எவ்வளவு பெரிய செய்தியாக இருந்தது என்பதை மனைவி ஹரிப்பிரியாவிடம்கூட அவன் முழுதாகச் சொன்னதில்லை.

மெர்வ் நினைவாக வருடந்தோறும் நடக்கும் மாலை நிகழ்ச்சி வரும் சனிக்கிழமை. புதிதாகச் சேர்ந்தவர்தான் 'ஆறாவது கேட்' வாசித்து அதைத் தொடங்கிவைக்க வேண்டும். இந்த வருடம் ஜெகதீஷ். வீட்டில் காதில் ஹெட்போனோடு எத்தனையோ முறை பிசகில்லாமல் வாசித்துவிட்டான். ஆனால் இன்று ஒத்திகையில் கைதட்டல் எழுந்ததும் அவன் உடம்பு தானாகத் திரும்பிக்கொண்டது. தட்டு விழுகிற இடம்தான் தொடக்கம் என்று அதற்குப் பழக்கம். சின்ன வயதில் மாயவரத்தில் பஜனைக்கு ஜால்ரா போட்ட கை. கூட்டம் இரண்டில் தட்ட, அதை ஒன்று என்று எடுத்துக்கொண்டு பெருவிரல் அங்கே தாவியது. மற்ற விரல்கள் பழைய இடத்திலேயே இருந்தன. நடக்கிறவனும் பேசுகிறவனும் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். நிறுத்தினான். மூன்று முறையும் அப்படியே ஆனது. மூன்றாம் முறைதான் அந்த வாக்கியத்தைச் சொன்னான். கிளெண்டா அவன் தோளைத் தொட்டு, "உனக்கு இடைஞ்சல் என்றால் இந்த வருடம் நாங்கள் தட்டாமல் இருக்கிறோம். வெள்ளிக்குள் சொல்" என்றார். கேலி செய்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

திரும்பும்போது சுஜீதன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். குளிரூட்டிய லாரியில் இறைச்சி ஏற்றி ஊர் ஊராகப் போகிறவன். இலங்கையிலிருந்து படகில் வந்து, இத்தனை வருடத்துக்குப் பிறகும் தற்காலிக விசாவில் இருக்கிறவன். நெடுஞ்சாலையில் தூக்கம் வராமலிருக்க யாரோ கொடுத்த மெர்வ் கேசட்டில் ஆரம்பித்தது அவன் பைத்தியம்.

"என்ன ஐசே, நூறு சனத்தைப் பாத்து நீங்க எல்லாரும் பிழை எண்டு சொல்லிப்போட்டீர்" என்று சுஜீதன் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தான்.

"நூறு பேர் எங்கண்ணா, பதினஞ்சு பேர்தான் இருந்தாங்க."

"சனிக்கிழமை நூறு பேர் வருவினம். அவையளுக்கும் சொல்லும்."

ஜெகதீஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்ச தூரம் போன பிறகு, "தட்ட வேணாம்னு சொல்லிடலாம்னு பாக்குறேன்" என்றான்.

சுஜீதன் சிரிப்பை நிறுத்தினான். "சொல்லலாம். கிளெண்டா சொன்னாச் செய்யும். ஆனா மெர்வ் செத்த கிழமையும் தட்டினவங்களாம், அழுதழுது. போன வருசம் எனக்குக் கம்பி அறுந்தது. நான் நிப்பாட்டிப்போட்டன், அவங்கள் நிப்பாட்டேல்ல. புதுக் கம்பி போடுமட்டும் தட்டிக்கொண்டே இருந்தாங்கள்." பிறகு, "உம்மட இஷ்டம்" என்றான். அந்த இரண்டு சொல் ஜெகதீஷின் வீடு இருக்கும் குவேக்கர்ஸ் ஹில் வரும்வரை வண்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை மாலை ஜெகதீஷ் ஒரு திட்டம் போட்டான். எதையும் திட்டம் போட்டால்தான் அவனுக்குப் பயம் குறையும். வீட்டிலேயே ஒரு கூட்டத்தை உண்டாக்கிப் பழகிவிடுவது. கூட்டம் என்று கிடைத்தது ஹரிப்பிரியாவும், வீட்டுக்காரர் சிவனேஸ்வரி அன்ரியும்தான். அன்ரியின் வீட்டுப் பின்முற்றத்துச் சிறிய வீட்டில்தான் அவர்கள் குடியிருக்கிறார்கள். அன்ரி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எனக்கொரு கதிரை போடும் தம்பி, நிண்டு தட்டேலாது" என்று சொல்லி அமர்ந்தார். ஜெகதீஷ் எண்ணிக் காட்டினான். ஒன்றில் சும்மா இருக்க வேண்டும், இரண்டில் தட்ட வேண்டும், மூன்றில் சும்மா, நான்கில் தட்டு.

"ஒண்டில ஏன் சும்மா இருக்கவேணும்?" என்றார் அன்ரி.

"அது அப்படித்தான் அன்ரி."

"சரி சரி, நீர் வாசியும்."

முதல் வரி தாண்டும்வரை இருவரும் சரியாகத்தான் தட்டினார்கள். இரண்டாம் வரியில் அன்ரியின் கை மெல்ல நழுவி ஒன்றுக்கு வந்தது. அவரைப் பார்த்து ஹரிப்பிரியாவும் வந்துவிட்டாள். இருவரும் ஒன்றில் பலமாக, கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்கள். அன்ரியின் தலை வெள்ளிக்கிழமைக் கோயிலில் ஆடுவதுபோல் ஆடியது. ஜெகதீஷின் கை எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. மெட்டு முடிந்ததும் அன்ரி, "பாத்தீரே, எவ்வளவு வடிவா வந்தது! இதுக்குப் போய்ப் பயப்பிடுறீர்" என்றார்.

ஹரிப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஜால்ரா போட்டே பழக்கமாயிடுச்சு சாருக்கு. பேசாம எங்க ரெண்டு பேரையும் மேடைக்குக் கூட்டிட்டுப் போயிடு ஜெகா."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. நன்றாக வாசித்ததுதான் அவனை அதிகம் தொந்தரவு செய்தது. ஏனென்றால் அது மெர்வின் மெட்டாக இல்லை. ஒவ்வொரு அடியிலும் குதிகாலை ஊன்றி ஊன்றி நடப்பதாக இருந்தது. மெர்வ் அப்படி நடக்கிறவர் இல்லை. அடி வைத்த பிறகுதான் தரை வந்து காலைத் தொடும்.

வியாழன் முழுக்க அவனால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தான், பக்கத்தில் இருந்தவள் பேனாவை வாங்கி வைத்துக்கொள்ளும்வரை. ரயிலில் எதிரே ஒருவர் காலாட்டினால் அதில் ஒன்று எது, இரண்டு எது என்று தேடினான். கிளெண்டாவுக்கு அனுப்ப ஒரு செய்தியைத் தட்டச்சு செய்தான்: தட்ட வேண்டாம், மன்னிக்கவும். அனுப்பாமல் அழித்தான். ஸ்டேஷனில் இறங்கி மறுபடி எழுதினான், மன்னிக்கவும் என்பதை முன்னால் போட்டு. அதையும் அழித்தான். அவர்கள் தட்டாவிட்டால் மெட்டு பிசகாது, அது நிச்சயம். அந்த அமைதியான கூடத்தில் நூறு பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு தனக்காகப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள், அதுவும் நிச்சயம். பிசகில்லாமல் தனியாக வாசிக்க அவனுக்குத் தன் அறையே போதும்.

வெள்ளிக்கிழமை அவன் வேலை முடிந்து வந்தபோது ஹரிப்பிரியா கட்டிலில் கால் நீட்டி, அவள் அம்மாவோடு போனில் இருந்தாள். பால்கனித் தண்ணீர் கீழ்வீட்டுக்காரியின் துணியில் சொட்டிய விவகாரம். ஒரு வாரமாக நடக்கிற கதை, இன்னும் பாதிகூட வரவில்லை. ஜெகதீஷ் சட்டைகூட மாற்றாமல் கிட்டாரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். வாசிக்க வேண்டும் என்றில்லை, விரலைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. பெருவிரலை ஓடவிட்டான். டும், டக், டும், டக். பாட்டை அதன் மேல் ஏற்றினான். அங்கே அம்மா சொல்லச் சொல்ல இங்கே ஹரிப்பிரியா 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பாதம் தன்னையறியாமல் கிட்டாரோடு ஆடியது. டும், ம். டும், ம். இரண்டாம் வரி போனது. மூன்றாவதும் போனது. மெட்டின் பாதி தாண்டிய பிறகுதான் அந்த 'ம்' இரண்டிலும் நான்கிலும் விழுகிறது என்பது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் பயந்து, கையைப் பார்க்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு கடைசிவரை வாசித்தான்.

"ம்... சரிம்மா, வை, அப்புறம் பேசறேன்" என்று அவள் போனை வைத்தாள். "என்ன ஜெகா, என் மூஞ்சிய ஏன் அப்படிப் பாக்குற?"

"நீ இப்ப எதுல சொன்ன?"

"எதுல சொன்னேன்னா? அம்மா ஒண்ணு சொன்னா நான் ம்னேன். கதை கேக்கறவ வேற எங்க ம் கொட்டுவா? அவ சொல்றதுக்கு முன்னாடியா?"

அவன் எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு முறை நடந்தான். பிறகு உட்கார்ந்து, "தட்டாத. நான் வாசிக்கிறேன், நீ கதை கேளு. ம் சொல்ற இடத்துல வேணும்னா தட்டு" என்றான். அவள் முதலில் சிரித்துக் கெடுத்தாள். அடுத்த முறை முகத்தைத் தன் அம்மா பேச்சுக்கு வைத்துக்கொள்வதுபோல் வைத்துக்கொண்டு கேட்டாள், தட்டினாள். ஒரு முறை முழுதாக வந்தது. இன்னொரு முறை நடுவில் நழுவினான். நழுவியது தெரிந்தும் கை நிற்கவில்லை. இரண்டு அடி தடுமாறி, அவள் கைதட்டலை இரண்டிலேயே விட்டு, மறுபடி பழைய வழியில் ஏறிக்கொண்டது. தானாக ஏறியதா, தான் ஏற்றினானா என்று அவனுக்குத் தெரியவில்லை. மறுபடி செய்து பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளத் துடித்தது. செய்யவில்லை. ஒரு ஆள் ஒரு கை தட்டுவதும் நூறு பேர் தட்டுவதும் ஒன்றல்ல என்பது அவனுக்குத் தெரியும்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. பின்முற்றத்தில் அன்ரி காய்ந்த துணிகளை உதறி உதறி எடுத்துக்கொண்டிருந்தார். ஜெகதீஷ் படியில் உட்கார்ந்து கிளெண்டாவுக்கு எழுதினான்: 'தயவுசெய்து தட்டுங்கள்.' இந்த முறை அழிப்பதற்கு விரல் போவதற்குள் அனுப்பிவிட்டான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தான்.

மார்ச் 14, வெள்ளி. ஒரு முறை சரியாக வந்தது. ஒரு முறை நழுவித் திரும்பியது. எப்படி என்று தெரியவில்லை.

நாளை: காலையில் ஆறாம் கம்பியை மாற்ற வேண்டும். மாலையில் மேடையில் பெருவிரலை மட்டும் தொடங்க வேண்டும். கூட்டத்தின் கைகள் வந்து சேரும்வரை பாட்டை எடுக்கக் கூடாது.