ஊயோங் என்று சொன்ன கிழவர்

குவீன் தெரு ஜவுளிக்கடை மாடியறையில் அன்று பகல் இருந்தவர்கள் நான்கு பேர். ஆவணப்படத்தை எடுத்த நித்யா மேசையோரம், மடிக்கணினிக்குப் பக்கத்தில். ஒளிப்பதிவாளன் ஹைக்கல் தரையில், சுவரில் சாய்ந்து. புஷ்பராணி திரைக்கு நேரே. அவள் கணவர் விநாசித்தம்பி கதவோரம், மடியில் குறிப்புப் புத்தகத்துடன். புக்கிட் மெர்தாஜாம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். தேதி போட்டு எழுதாத எதுவும் அவருக்கு நடந்ததாகவே இராது.

படம் அவர்களுடைய மகன் ஸ்ரீகரனைப் பற்றியது. சரவாக்கில், பாராம் ஆற்றின் தலைப்பில், பெனான் என்ற காட்டுப் பழங்குடி மக்களோடு பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்து, மரம் வெட்ட வந்த லாரிகளை அவர்களோடு சேர்ந்து மறித்தவன். மூன்று வருடமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சு மிஞ்சவில்லை.

திரையில் ஸ்ரீகரன் அட்டைப்பூச்சியைக் காலிலிருந்து பிடுங்கிக்கொண்டே சிரித்தான். குடிசை வாசலில், அவன் பக்கத்தில் ஒரு கிழவர். "என் பெயர் பாலான். எனக்குப் பிள்ளை இல்லை. இவன்தான் என் மகன்" என்றார். புஷ்பராணி முறைத்தாள்.

"நல்ல கதை. பெத்தவள் இஞ்ச இருக்கிறன்."

ஹைக்கல் சிரித்துவிட்டான்.

அடுத்த பகுதி ஐந்து வருடம் கழித்து எடுத்தது. ஸ்ரீகரன் இல்லை. அதே கிழவர், அதே வாசல். "என் பெயர் ஊயோங்" என்றார்.

நித்யா படத்தை நிறுத்தினாள். "சாரி அங்கிள். வயசாச்சு, மாத்தி சொல்லிட்டாரு. சப்டைட்டில்ல பாலான்னே போட்டுடறோம் லா."

விநாசித்தம்பியின் பேனா நின்றது.

படம் மறுபடி ஓடியது. "ஸ்ரீகரன் எங்கே?" என்று நித்யாவின் குரல் கேட்டது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஸ்ரீகரன்?" பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து உள்ளே போனார்கள். மூன்றாம் தடவையும் அந்தப் பெயர் ஒலித்தது. கூப்பிடப்பட்டவனுக்காகக் காத்திருப்பதுபோல, கிழவரைத் தவிர வாசல் வெறிச்சென்று கிடந்தது. காடு அவனை இன்னும் மறைத்து வைத்திருக்கிறது என்ற வரியோடு படம் முடிந்தது.

"பார்த்தீங்களா, ஒளிச்சு வச்சிருக்கினம்!" புஷ்பராணி எழுந்தேவிட்டாள். "மரம் வெட்டுற கம்பெனிக்காரனுக்குப் பயந்து. தம்பி ஹைக்கல், கீழ வாங்கோ, அவனுக்கொரு சட்டை எடுப்பம்."

அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் நித்யா சொன்னாள். "அங்கிள், ஃபேமிலிக்கு இந்த எண்டிங் சம்மதம்னு ஒரு லெட்டர் மட்டும் வேணும்."

"பெயரை மாத்தாதேங்கோ பிள்ளை."

"எந்தப் பேர?"

"அவர் பிழையாச் சொல்லேல்ல. மகன்ர முப்பத்தோராவது கடிதத்தில இருக்கு. அங்க ஒரு ஆள் செத்தா உறவுக்காரர் தங்கட பெயரை மாத்திப்போடுவினம். எந்த உறவு போச்சோ அதுக்கேத்த பெயர். செத்த ஆளின்ர பெயரை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லாயினம். பிள்ளையைப் பறிகுடுத்தவருக்கு ஊயோங்."

நித்யா கணக்குப் போட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அந்தக் கிழவருக்கு வேறு பிள்ளை கிடையாது.

"மூணு தடவை கேட்டேனே, அங்கிள்..."

 விநாசித்தம்பி வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, தேதி போட்டு, மலாயில் எழுத ஆரம்பித்தார்.

'ஊயோங் அவர்களுக்கு. நானும் உங்களைப் போன்ற ஒரு தகப்பன். படம் எடுத்த எங்கள் பிள்ளைகள் உங்கள் வாசலில் சொல்லக்கூடாத பெயரைச் சொல்லிவிட்டார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். நான் அதை இங்கே எழுதவில்லை. அவன் எந்த மாதம் போனான் என்று மட்டும் யாரையாவது எழுதச் சொல்லுங்கள். திதி கொடுக்க வேண்டும். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும், சொல்லலாமென்றால் சொல்லுங்கள்.'

புஷ்பராணி நீலச் சட்டையோடு வந்தாள். "மெலிஞ்சிருப்பான், எண்டாலும் இந்த அளவு சரிதானே? அவனுக்குக் கடிதமும் எழுதியாச்சோ? ஒண்டாவே அனுப்புவம்."

உறையை ஒட்டிவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. இன்னும் சில மாதம் சட்டையும் சோறும் அவன் பெயரில் நடக்கும். விநாசித்தம்பி கோந்தைக் கையில் எடுத்தார். பிறகு வைத்துவிட்டு, தாளை அவளிடம் நீட்டினார்.

"ஆர் இந்த ஊயோங்?"

"பாலான்."

அவள் வாசித்தாள். திதி என்ற இடத்தில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். கீழே தெருவில் பேருந்து ஒன்று ஹாரன் அடித்தது. அவள் தாளை மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த மனுசன்தான் அவனைத் தூக்கி மண்ணில போட்டிருப்பார், என்னப்பா?"

"அப்பிடித்தான் இருக்கும்."

சட்டையிலிருந்த அளவுச்சீட்டைப் பார்த்தாள். "பெரிய அளவு கேட்டு மாத்திக்கொண்டு வாறன். அந்த மனுசன் கொஞ்சம் அகலம்."

நான்கு மணிக்குத் தபால் நிலையத்தில் சட்டைக்குள் கடிதத்தை வைத்துப் பொதியை ஒட்டினார்கள். கவுண்டரில் இருந்த ஷரீஃபா பெறுநர் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டுக் கேட்டாள், அனுப்புநர் யார் என்று. விநாசித்தம்பி வாயெடுக்குமுன் புஷ்பராணி அவர் பெயரோடு தன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். பொதி தராசிலிருந்து பின்னாலிருந்த சாக்குக்குள் விழுந்தது.