தர்சனின் பெருவிரல்

கோணேசர் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணலாம்; இதில் ஒரு சொல்லும் கூட்டியதில்லை, ஒரு சொல்லும் குறைத்ததில்லை.

தர்சனின் கைப்பெருவிரல்கள் இரண்டையும் நெஞ்சின்மேல் சேர்த்துவைத்து, வெள்ளைத்துணிக் கிழிசலால் இரத்தினசிங்கம் மாமா கட்டிக்கொண்டிருந்தார். செத்தவனுக்குக் கட்டுகிற முடிச்சு அவருக்குத் தெரியாது. தெரிந்தது வள்ளம் கட்டுகிற முடிச்சு. அதையே போட்டார். டெங்குக் காய்ச்சல் தின்று மிச்சம்வைத்த அந்த உடம்பு இனி எந்தக் காற்றுக்கும் இழுபட்டுப் போகாது என்பது உறுதியாயிற்று.

தலைமாட்டிலிருந்து தயாளினி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே தம்பி.

அந்த நேரத்தில்தான் முனீப் வந்தான். தர்சனின் கூட்டாளி, அவனைப்போலவே கணினிக்காரன். தோப்பூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்த புழுதியோடு சவப்பெட்டியடியில் நின்று அழுதான். பிறகு தயாளினிக்குப் பக்கத்தில் குந்தினான்.

"அக்கா, கோவிக்காதீங்க. தர்சன்ட போன் எங்க இரிக்கி?"

"அலுமாரிக்குள்ள. ஏன்?"

"அவன்ட பெருவிரல் ஒருக்கா வேணும்."

தர்சன் பார்த்த வேலையை அவனுடைய ஊரான திருக்கடலூரில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த ஏலாமல் போயிற்று. கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்றையும் அலையையும் தமிழில் சொல்கிற போன் அப் ஒன்றை அவன் எழுதியிருந்தான். எழுதியது இணையத்தில் ஒரு களஞ்சியத்தில் கிடக்கும். அதில் ஒரு வரியைத் திருத்தினால் போதும், எந்த நாட்டிலோ இருக்கிற இயந்திரம் தானாக விழித்து, முழுவதையும் புதிதாகக் கட்டி, இணையக் கடையில் கொண்டுபோய் வைத்துவிடும். அங்கிருந்து அவரவர் போனுக்குப் போய்ச் சேரும். களஞ்சியம், இயந்திரம், கடை மூன்றையும் தொடுத்துவிட்டவன் அவன்தான். சொன்னவுடன் செய்கிற அந்த இயந்திரத்தைக் கனடாவிலிருக்கும் சொந்தக்காரரைவிட நெருங்கிய உறவாகத் தயாளினி மதித்து வந்தாள். 'பொடியனுக்குக் கடை இருக்கு' என்று கலியாணத் தரகர் சொல்லப்போய், பெண்வீட்டார் ஒரு பகல் முழுக்கக் கடைத்தெருவில் அந்தக் கடையைத் தேடித் திரிந்தார்கள். கடை அகப்படவில்லை. பெண்ணும் அகப்படவில்லை.

"ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டுக் கடைசியா ஒரு பிழையத் திருத்தினவன்" என்றான் முனீப். "வடக்கால வாடை அடிக்கக்குள்ள தெக்கால வாற சோளகம் எண்டு காட்டுற பிழை. இயந்திரம் கட்டி முடிச்சிட்டு. கடை வாசல்ல நிக்கிது. வருசத்துக்கு ஒருக்கா சொந்தக்காரன் விரல் வெச்சு அனுமதி புதுப்பிக்கணும். அந்த அனுமதி முடிஞ்சி போச்சு."

"எத்தினை பேர் உந்த அப்பைப் பாத்துக் கடலுக்குப் போகினம்?"

முனீப் பெட்டியைப் பார்த்தான்.

"கனபேர், அக்கா."

காற்றுத் திசை பிழைத்த ஒரு நாளில் கடலுக்குப் போனவர்தான் அக்கா தம்பியின் தகப்பன். வள்ளம் மட்டும் கட்டைபறிச்சான் கரையில் ஒதுங்கியது. தயாளினி எழும்பிப்போய் அலுமாரியிலிருந்து போனை எடுத்துவந்தாள். தம்பியின் விரல்களில் கைவைத்தாள்.

"என்னடி செய்யிறாய்?" மாமா கத்தினார்.

"கட்டை அவிழ்க்கிறன், மாமா."

"செத்தவனுக்குக் கட்டினதை அவிழ்த்தால் இன்னொரு சாவு விழும்!"

"அவிழ்க்காட்டியும் விழுமாம்."

முனீப் விஷயத்தைச் சொன்னான். மாமாவுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"உயிரோட இருக்கேக்க ஒரு சதம் உழைக்காத விரல், இப்பவோ உழைக்கப் போகுது? காத்தை நான் மூக்காலை பாக்கிறனான். எனக்கு உவன்ர போன் வேணுமே?"

"நீங்கள் மூக்காலை பாத்துச் சொல்லித்தான் அப்பா அண்டைக்குப் போனவர்."

ஒப்பாரி நின்றுவிட்டது. வாசலில் மேளம் அடித்தவர்கள்கூட ஒரு தட்டுத் தவறினார்கள். மாமா தோளிலிருந்த துவாயை எடுத்தார், உதறினார், திரும்பவும் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

முடிச்சு நகத்துக்கு இளகவில்லை. குனிந்து பல்லால் இழுத்தாள். தம்பியின் நெஞ்சில் அக்கா விழுந்து அழுகிறாள் என்று எண்ணிய பெண்கள் விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.

பெருவிரலைப் போனில் வைத்தாள். ஏற்கவில்லை. துடைத்து வைத்தாள். ஏற்கவில்லை.

"குளிர்ந்து போச்சு அக்கா. சூடு வேணும். இன்னும் ஒருதரம் பிழைச்சாப் பூட்டிப்போடும்."

உள்ளங்கைக்குள் பொத்தி ஊதிப் பார்த்தாள். சின்ன வயதில் மழையில் நனைந்து வந்தால் இதே கையை இப்படித்தான் ஊதிவிடுவாள்; அப்போது சூடேறியது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணித் தட்டு வந்தது. ஒரு கிளாசை எடுத்துத் தம்பியின் விரலோடு சேர்த்துப் பிடித்தாள்.

"ஐயோ, பெடியனுக்குத் தேத்தண்ணி பருக்கிறாளடி!" என்றாள் ஒருத்தி. "ஆளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு."

"சீனி போட்டதோ?" என்று மற்றொருத்தி கேட்டாள்.

கிளாஸ் தயாளினியின் கையையும் சுட்டது. ஆறும்வரை பிடித்திருந்தாள். பிறகு விரலைத் துடைத்துப் போனில் வைத்தாள்.

திறந்தது.

முனீப் குனிந்து இரண்டு இடத்தில் தட்டினான். திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்து நின்றது. புதிய பதிப்பு வெளியாகிவிட்டதாகச் செய்தி வந்தது. முனீப் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

விரல்களைத் திரும்பக் கட்ட மாமா வரவில்லை. தயாளினியே கட்டினாள், பள்ளிக்கூடம் போகிறவனுக்குச் சப்பாத்து நாடா கட்டிவிடுகிற மாதிரி.

பெட்டி வாசலைத் தாண்டும்போது வெளியே மாமாவின் குரல் கேட்டது. "என்ர மருமகன் செத்தும் இந்தத் துறைமுகத்து வள்ளமெல்லாத்தையும் காப்பாத்திப்போட்டான், தெரியுமே!" கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தயாளினியும் கேட்டாள். அன்று முதன்முதலாக அவளுக்கு மூச்சு இலகுவாக வந்தது.

அந்த அப்பைக் கடையிலிருந்து இறக்கித் தங்கள் போனில் வைத்திருந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்: தர்சன், முனீப்.