சாயவிடாத மூலக்கூறு

மூன்று மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

மூன்றுக்கு மேடம் வருவார். அவளுக்கு ஆய்வகத்தில் மேடம், வீட்டில் அண்ணி, கணவனின் அக்கா. விளக்கு நிறுவனம் அவருடையது. இன்றும் நீலம் ஒளிராவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார். மூடினால் அவளுக்கு விற்பனைப் பிரிவு. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

மூலக்கூறை உருவாக்குவது அவள். வெற்றிடத்தில் அதை ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவைப்பது கணவன். அவளுடைய குப்பியில் கரைசலாக இருக்கும்வரை நீலமாக ஒளிரும். அவனுடைய கண்ணாடியில் ஏறியதும் செத்துவிடும்.

"உங்க கை பட்டாலே அணைஞ்சிடுது."

"நீ செஞ்சு குடுத்த லட்சணம் அப்படி."

மாதக்கணக்கில் இதே பேச்சு.

கோளாறு யார் கையிலும் இல்லை என்பது போன வாரம் அண்ணி வீட்டுக்கு வந்துபோன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மூலக்கூறு தட்டையானது. கரைசலில் ஒவ்வொன்றும் தனியாகத் திரிந்தது. கண்ணாடியில் சீட்டுக்கட்டுபோல் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டது. வாங்கிய ஆற்றல் ஒளியாகாமல் வெப்பமாகக் கசிந்தது. அதன் இரண்டு பக்கமும் பருமனான கார்பன் கொத்துகளை ஒட்டவைத்தாள். இனி நெருங்கிப் படுக்க முடியாது.

புதியதை அவன் கண்ணாடியில் படியவைத்ததும் அறையை இருட்டாக்கினார்கள். அவன் புற ஊதா விளக்கைப் போட்டான்.

கண்ணாடி நீலமாக ஒளிர்ந்தது.

"அடிப்பாவி!"

"கையை எடுங்க. அணைஞ்சிடப் போகுது."

கதவு திறந்தது. மேடம் குனிந்து பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடியிலும் நீலம் ஏறியது.

"நேத்துவரைக்கும் எரியலையே. என்ன பண்ணினே?"

அவள் பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "சோபாவுல ரெண்டு பேர் ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சா தூங்கிடுவாங்க, மேடம். இதுவும் அப்படித்தான் தூங்கிச்சு. நடுவுல ஒரு ஆள் முழங்கையை அகட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டா சாய முடியாது. முழிச்சுத்தான் இருக்கணும். அந்த ஆளைத்தான் இதுல சேர்த்தேன்."

"நல்ல யோசனை. வேலை நடக்கட்டும்."

அவளுக்கு மூச்சு வந்தது. மேடம் கதவுவரை போய் நின்றார். கணவனுக்கு எங்கிருந்தோ இருமல் வந்தது.

"ஏம்மா, போன ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு சோபாவுல உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உட்கார்ந்திருந்தது யாரு?"