நாற்பத்திரண்டு வாசல், ஒரே கூடம்

ஆனி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமையிலிருந்து, திருமுல்லைவாயில் குளக்கரைத் தெருவின் நாற்பத்திரண்டு வாசல்களும் பொன்னியம்மா வீட்டுக் கூடத்துக்குள்தான் திறந்தன. எல்லோரும் தங்கள் பூட்டைத் தங்கள் சாவியால்தான் திறந்தார்கள். உள்ளே பொன்னியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய சமையலறையைக் கடந்து பின்கதவைத் தாண்டினால் அவரவர் வீடு வந்தது. எந்த வாசலில் கழற்றிய செருப்பும் அவள் வாசலில் போய்ச் சேர்ந்தது. ஆடி பிறப்பதற்குள் குவியல் முழங்கால் உயரம்.

காரணம் வேம்புலிக்குத் தெரியும். அந்தத் தெருவுக்கு இன்டர்நெட் ஒயர் இழுத்தவர் அவர்தான். ஒவ்வொரு இணைப்பையும் வெளியுலகம் அடையாளம் காண ஓர் எண் வேண்டும். எண்கள் கேட்பாரற்றுக் கிடந்த காலத்தில் பெரிய கம்பெனிகள் லட்சக்கணக்கில் அள்ளிக்கொண்டன. பாதி இன்னும் சும்மா கிடக்கிறது. இருப்பு தீரும் நேரத்தில் போய் நின்ற வேம்புலிக்கு விதிப்படி ஒரு கைப்பிடிதான் கிடைத்தது. அதில் குளக்கரைத் தெருவின் பங்கு ஒன்றே ஒன்று; அதுவும் தெருவில் முதல் இணைப்பு வாங்கிய பொன்னியம்மா வீட்டின் பெயரில் இருந்தது. வெளியுலகம் ஒரே எண்ணைப் பார்த்து ஒரே வீடு என்று நினைத்தது. போகப்போக வீடுகளும் அதை நம்பிவிட்டன.

எல்லோருக்கும் ஒரே எண் என்பதால், தெருவில் யாரோ நெட்டில் செய்த வம்புக்கு, மாடியிலிருந்து வேலை பார்க்கும் நிவேதிதாவை அவளுடைய ஆபீஸ் கணினி உள்ளே விட மறுத்தது. பெரிய கம்பெனி ஆள் வந்து, வீட்டுக்கு ஓர் எண் தருவதாக நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். ஆயுத பூஜைக்குள் சரியாகாவிட்டால் மாறிவிடுவோம் என்றது தெரு. இந்தத் தெரு போனால் அடுத்த தெருவும் போகும். பதினெட்டு வருஷம் கம்பம் ஏறிய மனுஷன், பாவம், சோறு இறங்காமல் திரிந்தார்.

"இன்னா வேம்புலி, என் ஊடு இன்னா பஸ் ஸ்டாண்டா?" என்று பொன்னியம்மா சத்தம் போட்டாள். போட்டுவிட்டு டீயும் கொடுத்தாள்.

பூஜைக்கு முதல் நாள், வேம்புலியின் மனைவி ஜோதிகா சாமி அலமாரியைத் துடைத்தாள். லேமினேட் செய்த தாள் ஒன்று சந்தனம், குங்குமத்துக்கு அடியில் மறைந்து கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முன் பழைய எண்களோடு கூடவே வந்த ஆங்கிலக் கடிதம். வேம்புலி அதைப் படிக்காமலே, நல்ல சகுனம் என்று சாமியிடம் வைத்து வருஷா வருஷம் பொட்டு வைத்து வந்திருக்கிறார். ஜோதிகா சந்தனத்தைச் சுரண்டிப் படித்தாள். உள்ளே இருந்தவை புதுவகை நீள எண்கள். சின்ன ஆள், பெரிய கம்பெனி யாருக்கும் தட்டுப்பாடு கிடையாது. தெருவிலுள்ள ஒவ்வொரு அரிசிமணிக்கும் ஒன்று கொடுத்தாலும் மிஞ்சும்.

"யோவ், மூணு வர்சமா சாமிக்கா நெட்டு குடுத்துகினு கீற?"

வேம்புலி சிரித்தார், பிறகு அழுதார். ஓர் இன்ஜினீயரைப் போனில் பிடித்து, அவர் சொல்லச் சொல்ல எண்களை ஏற்றினார். சாயங்காலத்துக்குள் வாசல்கள் ஒவ்வொன்றாக அவரவர் வீட்டுக்குத் திரும்பின. நிவேதிதா தன் சோபாவில் பொத்தென்று விழுந்தாள். மாறுவேன் என்ற ஒருவரும் மாறவில்லை. அன்று ராத்திரி வேம்புலி மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சில பழைய இணையதளங்களுக்கு இன்னமும் அந்தப் பழைய எண்தான் தெரியும். யாராவது அவற்றைப் பார்க்கிற நாளில் அவர் வீட்டு வாசல் பொன்னியம்மா கூடத்துக்கே திறக்கிறது. யாரும் புகார் கொடுப்பதில்லை. உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, பின்கதவு வழியாக வீட்டுக்குப் போகிறார்கள். பொன்னியம்மா செருப்பு ஸ்டாண்டு ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறாள்.