எல்லாருக்குமாக எழுதிய தேர்வு

விசாரணைக்கென்று தனி அறை அந்தத் தொழிற்சாலையில் கிடையாது. பயிற்சி அறையிலேயே மேசையை நகர்த்திப் போட்டிருந்தார்கள். சுவரில் 'நேர்மையே நம் முதலீடு' என்ற சுவரொட்டி பசை விட்டு, ஒரு மூலை மடங்கித் தொங்கியது. வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்ய அலுவலக எழுத்தரான அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அங்கே அவளுக்கு டீச்சர் என்று பெயர். பாடம் நடத்தி வாங்கிய பெயர் அல்ல. வருடத்துக்கு ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து நன்னடத்தைப் பயிற்சி கம்ப்யூட்டரில் வரும். லஞ்சம் கூடாது, சலுகை கூடாது என்று பாடம், கடைசியில் தேர்வு. உலைக்கும் லாரிக்கும் நடுவில் நிற்பவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஏது?

"எல்லாருக்கும் நீயே போட்டு விட்டுடும்மா. இல்லேன்னா மேல இருந்து என் காதைத் திருகுவாங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தன்னுடையதையும் சேர்த்துத்தான் சொன்னார். விடைகள் அவளுக்கு மனப்பாடம். எல்லாரும் நூற்றுக்கு நூறு.

எதிரே உட்கார்ந்திருந்தவர் எடைமேடைக்காரர். தராசு என்றால்தான் யாருக்கும் தெரியும். "ஒரு கேள்வியாவது தப்பா போடு டீச்சர், என்னைத் தெரிஞ்சவன் நம்ப வேண்டாமா?" என்று வருடா வருடம் கேட்பவர். பழைய இரும்பு ஏற்றிப் போகும் லாரிகளை எடை போடுவது அவர் வேலை. அந்த இரும்பை வாங்கும் ஒப்பந்தக்காரரிடம் அவருடைய மருமகன் டிரைவராகச் சேர்ந்திருந்தான்.

"எடையில ஒரு குறையும் இல்ல" என்றார் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி. "ஆனா மருமகன் அங்க வேலை பாக்குறதை நீங்க எழுதிக் கொடுத்திருக்கணும். விதி தெரியாம விட்டிருந்தா எச்சரிக்கையோட முடிஞ்சுடும். தெரிஞ்சே மறைச்சிருந்தா வேலை போயிடும்."

"நான் எங்க சார் மறைச்சேன்? பார்த்தவங்ககிட்ட எல்லாம் சொன்னேனே."

அவளிடமும் சொன்னார். அன்று அவருடைய தேர்வைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டே, "மருமகனுக்கு நம்ம பழைய இரும்புக்காரர் வேலை போட்டுக் கொடுத்துட்டாரும்மா. இனி என் மக கண்ணைக் கசக்கிட்டு வந்து நிக்க மாட்டா" என்றார். "ரொம்ப நல்லதுண்ணே" என்றாள். திரையில், உறவினருக்கு ஒப்பந்தக்காரர் வேலை கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி இருந்தது. எழுத்தில் தெரிவிப்பேன் என்ற விடையில் விரல் தானாகப் போய் அழுத்தியது. காதில் விழுந்ததும் விரல் செய்ததும் அவளுக்குள் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

அதிகாரி ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். "பயிற்சியில இந்தக் கேள்விக்குச் சரியா பதில் போட்டிருக்கீங்க. நீங்கதானே எழுதினீங்க?"

தராசு அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் பக்கம் திரும்பவில்லை. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்ன முனகலை விட்டது. 'இல்லை' என்று அவர் சொன்னால் போதும். சொல்லட்டும், நானும் ஆமாம், நான்தான் போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன் என்று அவள் காத்திருந்தாள். அவள் வீட்டில் இப்போது அவள் சம்பளம் ஒன்றுதான். அது அவருக்கும் தெரியும். சொல் தொண்டைவரை வந்தது. அவர் முந்தட்டும் என்று அதை அங்கேயே நிறுத்தி வைத்தாள்.

"நான்தான் சார் எழுதினேன். மறந்து போச்சு."

அவள் தட்டச்சு செய்தாள். விரல்கள் தயங்கவே இல்லை.

"படிச்சுக் காட்டுங்கம்மா. கையெழுத்து வாங்கிடலாம்."

விசாரணையில் பொய் சொல்வது பணிநீக்கத்துக்கு உரிய குற்றம் என்பது முதல் வரி. காலையில் அவளே அடித்து வைத்தது. அதைப் படித்தாள். பெயரை, வேலையைப் படித்தாள். 'தேர்வை நானே எழுதினேன்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

"பேசாம படிம்மா" என்றார் தராசு, மெதுவாக.

"அவர் எழுதலை சார். நான்தான் எழுதினேன். எல்லாருக்கும் நான்தான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். வெளியே ஒரு லாரி எடைமேடையில் ஏறி நிற்கும் சத்தம் கேட்டு அடங்கியது. அவளைத் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப இவர் இப்ப என்கிட்ட சொன்னது பொய்யா?"

படித்த முதல் வரி அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் பதில் சொல்வதற்கு முன்பே அவள் வாயைத் திறந்திருந்தால் அவர் ஓர் எச்சரிக்கையோடு எழுந்து போயிருப்பார். இப்போது அவளுக்காகச் சொன்ன சொல்லே அவர் கழுத்தைப் பிடித்திருந்தது.

தராசு இலேசாகச் சிரித்தார். "எப்பவும் டாண்ணு பதில் போடுற பொண்ணு சார். இன்னைக்குன்னு பார்த்து லேட்டு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கம்மா."

திரையைப் பார்த்தபடியே அவள், "ஆமா சார்" என்றாள்.

"அதையும் சேர்த்து அடிங்க."

முதலில் தன் பெயரைத்தான் போட நினைத்தாள். ஆனால் வாக்குமூலம் அவருடையது. பொய் சொன்னார் என்ற வரி அவர் பெயரில்தான் தொடங்க வேண்டியிருந்தது.