டப்பாவின் மேல் எழுதிய பெயர்

"தொப்பியைப் போட்டுக்கிட்டுப் போங்க, காது விறைச்சுப் போயிடும்" என்றாள் தொஷியே.

"தொப்பி போட்டா நிஜமாவே டைரக்டர்னு ஊர்ல நினைச்சுடுவாங்க."

மிசோ சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு வாசல் பனியைத் தள்ளப் போனான் அவள் கணவன் நொமிசோ கியோஹாரு. கொஞ்ச நேரத்தில் மண்வெட்டிச் சத்தம் நின்றது. மூச்சு வாங்கிக்கொள்கிறான் என்று நினைத்தாள். போய்ப் பார்த்தபோது பனியில் முகம் புதையக் கிடந்தான், மூச்சு இல்லை.

முரோரான் துறைமுக ஊரின் இரும்பாலையில் உலைத் தொழிலாளி அவன். யாரிடமும் சினிமா படித்ததில்லை. பழுதான கேமராவைக் கழற்றிப் பூட்டியும், ஊர்க் கொட்டகையில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் கற்றுக்கொண்டான். அவன் எடுத்தவற்றை வெளியில் யாரும் சீண்டவில்லை. துறைமுகத்தில் மீன் தரம் பிரிக்கும் பெண்களைப் பற்றிய கடைசிப் படம் பல குளிர்காலங்களை விழுங்கியது. "இதுதான் நான் எடுத்த படம். மத்ததெல்லாம் பழகினது" என்றான். வசந்தத்தில் திரையிடக் கொட்டகைக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். வெட்டி ஒட்டுவதுதான் பாக்கி. நெகடிவ் கிடையாது, கேமராவில் ஓடிய சுருளே படம். பிரதி எடுக்க வசதியில்லை.

"பிரியமானது எதுவா இருந்தாலும் பெட்டிக்குள்ள வைங்கம்மா. தகரம் மட்டும் கூடாது, எரியாது" என்றார் சவச்சடங்குக்காரர்.

உலையில் அவனோடு வேலை பார்த்து, அவன் படங்களுக்குக் கேமராவும் பிடித்த முகாய் சொன்னான்: "முதல் படத்தை வெச்சிடலாம் அண்ணி. அந்த இரும்பாலைப் படம்."

"அதையா? அதுல பாதி இருட்டாச்சே."

"மேல போயி வெளிச்சம் பத்தலைன்னு அங்க இருக்கறவங்களோட சண்டை போடட்டும்."

அழுகைக்கு நடுவே இருவரும் சிரித்துவிட்டார்கள். 'இரும்பாலை' என்று அவன் கையெழுத்தில் இருந்த டப்பாவைத் திறந்து, சுருளை மட்டும் எடுத்து, சாமந்திப் பூக்களுக்கிடையே அவன் மார்பருகே வைத்தாள் தொஷியே.

சடங்குகள் முடிந்தபின் முகாய் வெட்டி ஒட்டும் கருவியோடு வந்தான். எப்படியாவது வசந்தத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். 'துறைமுகம்' டப்பாவைத் திறந்தார்கள். உள்ளே ஒரு சுருள். ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்த முகாய் இன்னும் கொஞ்சம் உருவிப் பார்த்தான்.

"என்ன முகாய்-சான்?"

"இது உலை, அண்ணி. இரும்பாலைப் படம் இங்க இருக்கு."

மற்ற டப்பாக்களையும் திறந்தார்கள். மீன் பிரிக்கும் பெண்கள் எதிலும் இல்லை.

அவன் பழைய டப்பாவைத் தூக்கிப் போடுபவன் இல்லை. புதுச் சுருளைக் கைக்குக் கிடைத்ததில் போட்டு மூடுவான், மேலே எழுதிய பெயரை மாற்றமாட்டான். கேட்டால், "எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்பான். அவனுக்குத் தெரிந்திருந்தது.

அன்று எரியூட்டிய இடத்தில் குச்சிகளால் எலும்பு பொறுக்கியபோது, நெஞ்செலும்பில் கறுப்பாக ஏதோ உருகி ஒட்டியிருந்தது. பூவாக இருக்கும் என்று அவள் தள்ளிவிட்டிருந்தாள்.

"நான்தான் சொன்னேன்... வெக்கலாம்னு நான்தான்..."

"விடுங்க. எடுத்து வெச்சது என் கை."

"கொட்டகைக்காரருக்கு என்ன சொல்றது அண்ணி?"

"படம் இல்லைன்னு சொல்லுங்க."

"அப்படிச் சொன்னா, எடுக்கவே இல்லைன்னுதானே நினைப்பாங்க?"

முகாய் கருவியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனான்.

டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடி அலமாரிக்குள் அடுக்கினாள். உள்ளே பழைய சுருள்கள் மக்கும்போது வரும் வினிகர் நெடி எப்போதும்போலவே இருந்தது.