நாற்பது நொடி

நூற்று நாற்பத்து மூன்று நாட்களாக நைனாவிடம் ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன். இன்று காலை பதினொன்றரைக்கு ராக்கெட் கிளம்பும். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

மூன்று தனியார் கம்பெனிகளுக்குள் போட்டி. செயற்கைக்கோளை முதலில் மேலே நிறுத்துகிறவருக்குப் பரிசு. அவற்றில் ஒன்றின் ராக்கெட்தான் இன்று போகிறது. அதன் எரிபொருள் வால்வுக்கு ரப்பர் வளையம் செய்ய, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் வந்தது. ஒவ்வொரு வளையத்தையும் லென்ஸில் பார்த்து, சரி என்றோ வேண்டாம் என்றோ கையெழுத்துப் போடுவது என் வேலை. என் வளையம் ராக்கெட்டில் போகிறது என்று நைனா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். போன வாரம் ஐம்பத்தைந்து அங்குல டிவியும் வாங்கினார். ராக்கெட் போய்விட்டால் அந்தப் பேச்சைத் திரும்ப வாங்க முடியாது.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த நான் இன்னும் தூங்கவில்லை. கூடத்தில் பதினான்கு பேர். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வேலை செய்யும் எட்வர்ட் மாமா டிவியைத் தட்டிப் பார்த்தார்.

“இன்னா சின்னராசு, ஊட்டுக்குள்ள தியேட்டரே கட்டிட்ட. சவுண்டுதான் கொசு கத்தற மாதிரி கீது.”

“அதுக்குத் தனியா சவுண்ட்பார் வாங்கணுமாம்,” என்றார் நைனா.

“படத்த ஒருத்தன் விக்கிறான், சத்தத்த இன்னொருத்தன் விக்கிறான். ராக்கெட்டும் அப்டித்தான். துட்டு கீறவன் பட்டம் உடறான், நாம அண்ணாந்து பாக்கறோம்.”

“அந்தப் பட்டத்துல எம் பொண்ணு கையெழுத்து கீது, தெரிஞ்சிக்கோ.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

இந்த டிவி இன்டர்நெட்டில் ஓடுகிறது. கிரிக்கெட்டில் பக்கத்து வீடு கத்திய பிறகுதான் எங்களுக்கு விக்கெட் விழும். நாற்பது நொடி தாமதம். எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

பதினொன்று இருபத்தெட்டுக்கு நைனாவின் கையைப் பிடித்தேன். “மாடிக்கு வா நைனா.”

“டிவி வாங்கினதே இதுக்குத்தாம்மா.”

“ஒரு நிமிஷம்.”

வந்தார். வடக்கே, ஸ்ரீஹரிகோட்டா பக்கம், வெள்ளைக் கோடு ஒன்று எழுந்தது. சத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

“போயிடுச்சா? கீழ டிவில இன்னும் எண்ணிக்கினு கீறாங்களே!”

“போயிடுச்சு நைனா.”

கோடு நேராக ஏறிக் கிழக்கே சாய்ந்தது. நைனா கையெடுத்துக் கும்பிட்டார்.

“உன் வளையம், திலகா.”

கீழே எல்லோரும் டிவியோடு சேர்ந்து பத்து, ஒன்பது என்று கத்தத் தொடங்கினார்கள்.

“இல்ல நைனா. அதுல எங்க வளையம் ஒண்ணுகூட இல்ல. எல்லாத்துலயும் முடி கனத்துக்கு விரிசல் இருந்தது. நான்தான் வேணாம்னு கையெழுத்துப் போட்டேன்.”